ஆறாம் கட்டிலுக்கு நான் கொடுத்த குரல்

எங்கள் தாதியர் பயிற்சி நிலையத்தில் ஒத்திகை அறை என்று ஒன்று இருக்கிறது. முன்பு உடைந்த கதிரைகளும் பழைய அலுமாரிகளும் போட்டுவைத்திருந்த அறை. இப்போது அதற்குள் ஒரு கட்டில், சேலைன் தொங்கவிடும் கம்பி, ஒக்சிஜன் சிலிண்டர், மருந்து வண்டில், கட்டிலில் ஆள் அளவு ரப்பர்ப் பொம்மை ஒன்று. பொம்மையின் நெஞ்சு ஏறி இறங்கும். கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். தாதியர் படிப்புக்கு வரும் பிள்ளைகள் உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன் இந்தப் பொம்மையிடம் பிழைவிட்டுப் பழகுவார்கள். ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே வேலை செய்பவர்களும் இடைக்கிடை குழுவாக வந்து பழகிவிட்டுப் போவார்கள்.

பொம்மையின் குரல் நான். அறையின் மூலையைப் பலகையால் அடைத்து, கறுப்புக் கண்ணாடி பதித்திருக்கிறோம். உள்ளே இருந்தால் கட்டில் தெரியும். கட்டிலடியில் நிற்பவர்களுக்கு உள்ளே இருப்பவரைத் தெரியாது. மேசையில் ஒரு ஒலிவாங்கி, நாடியைக் கூட்டிக் குறைக்க ஒரு கணினி. ஒரு பிள்ளை வந்து "அண்ணை, என்ன செய்யுது?" என்று கேட்டால் நான் வலியில் கிடப்பவனைப் போல இழுத்து இழுத்துப் பதில் சொல்லுவேன். ஆண்குரல் எனக்கு நன்றாக வராது. முதல்முறை கேட்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நாடி விழத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு கதை வேண்டும். நோயாளி யார், என்ன வருத்தம், எந்த இடத்தில் மோசமாகும், என்ன செய்தால் தேறுவார் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வோம். நான் எழுதியவற்றில் எல்லோரும் மெச்சியது ஆறாம் கட்டில் கதை.

அந்தக் கதையில் ஒரு மீனவர் வருவார். திருக்கை முள் காலில் ஏறிப் புண் பழுத்திருக்கும். டொக்டர் ஊசி மருந்து எழுதியிருப்பார். அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அது விவரத் தாளில் எழுதப்பட்டிருக்காது. ஊசி போட வரும் தாதி நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவர் சொல்லிவிடுவார். கேட்காமல் போட்டால் மூச்சு முட்டத் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகள் கேட்காமலே போட்டுவிடுவார்கள். நான் ஒலிவாங்கியில் மூச்சுக்குத் தவிப்பேன். அவர்கள் பதறி ஓடுவார்கள்.

முடிந்ததும் வட்டமாகக் கதிரை போட்டு இருந்து பேசுவோம். "இஞ்சை ஒருத்தரையும் குற்றம் சொல்லுறேல்லை" என்று நான்தான் தொடங்கிவைப்பேன். கடைசியில் பலகையில் ஒரு வசனம் எழுதுவேன்: "ஊசி யாருடைய கையில் இருக்கிறதோ, கேள்வியும் அவருடைய வாயில் இருக்க வேண்டும்." பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த வசனத்தை எழுதும்போதெல்லாம் மனம் உறுத்தியது என்று சொன்னால் அது பொய். உறுத்தவில்லை. சில வருடங்களில் அது எனக்கு வெறும் பாடமாகிவிட்டது.

உண்மையில் நடந்தது வேறு.

அப்போது நான் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். ஆண்கள் வாட்டில் பன்னிரண்டு கட்டில். காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஏறினால் பகல் ஒரு மணிக்கு இறங்கலாம். அன்று வேலை முடிந்தால் எனக்கு இரண்டு நாள் லீவு. வீடு வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில். ஒன்றரைக்கு வவுனியா பஸ். நிழல் பக்கமாக இருக்கை பிடிக்கவேண்டுமென்றால் கால் மணித்தியாலம் முன்னதாகவே போய் நிற்கவேண்டும்.

கொக்கிளாயிலிருந்து ஒரு மனிதரை மத்தியானத்துக்குச் சற்று முன் கொண்டுவந்தார்கள். களப்பில் வலை இழுக்கும்போது திருக்கை அடித்து நான்கு நாள். கால் வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். ஆறாம் கட்டிலைக் கொடுத்தோம். டொக்டர் வந்து மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டபோது, காய்ச்சல் மயக்கத்தில் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மனைவி அந்த நேரம் கீழே பதிவு மேசையில் நின்றார். டொக்டர் எழுதிய ஊசி மருந்து எங்கள் வாட்டில் முடிந்திருந்தது. ஸ்டோரிலிருந்து எடுத்து மூன்று மணிக்குப் போடுவதென்று தீர்மானமானது.

மனைவி மேலே வந்ததும் நேரே என் மேசைக்குத்தான் வந்தார். நான் நோயாளிகளின் சாப்பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன்.

"மிசி, இவருக்கு முந்தி ஒருக்கா ஊசி போட்டு மேலெல்லாம் தடிச்சு, மூச்சும் முட்டினது. இனி அந்த மருந்து போடக்கூடாதெண்டு அப்ப சொன்னவை."

"ஓம் அக்கா, எழுதிறன்" என்றேன்.

"மறந்திடாதேங்கோ மிசி" என்று சொல்லிவிட்டு அவர் கணவரின் கட்டிலடிக்குப் போனார்.

இப்படியான விஷயத்தை விவரத் தாளின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதவேண்டும். சிவப்புப் பேனை மேசை லாச்சிக்குள் இருந்தது. பட்டியலை முடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். பட்டியல் முடிந்தபோது ஒரு மணி.

அடுத்த வேலைக்கு வந்தவள் என்னைவிட மூன்று வயது இளையவள். ஒரு வருடமாக என்னோடு அதே வாட்டில் வேலை செய்தவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். வேலையை ஒப்படைக்கும்போது இருவரும் கட்டில் கட்டிலாக நடந்தோம்.

"ஆறாம் கட்டில் புதுசோ? விசேஷமா ஏதும் இருக்கோ அக்கா?"

"திருக்கை அடிச்ச கால். மூண்டு மணிக்கு ஊசி. வேற ஒண்டும் இல்லை."

மனைவி அப்போது அங்கே இல்லை. கணவருக்குச் சோடா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நிழல் பக்கமாக யன்னலோர இருக்கை கிடைத்தது.

ஒட்டுசுட்டான் தாண்டும்போது எனக்கு நினைவு வந்தது. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. போனை எடுத்து வாட்டுக்கு அடித்தேன். வாட்டுப் போனில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள், இணைப்புக் கிடைக்கவில்லை. அவள் எப்படியும் கேட்பாள் என்று நினைத்தேன், மனைவி பக்கத்தில்தான் இருப்பார் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன்: இப்போது அழைத்தால் நான் மறந்தது அவளுக்குத் தெரியவரும். இரண்டாம் முறை அடிக்கவில்லை. மாங்குளத்துக்குக் கிட்ட நித்திரையாகிவிட்டேன்.

ஊசி போட்டுச் சில நிமிடங்களில் அந்த மனிதருக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்தது. அவள்தான் உடனே கண்டுபிடித்து, டொக்டர் ஓடிவருவதற்குள் ஒவ்வாமையை முறிக்கும் ஊசியை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது அம்புலன்ஸில் முழங்காலில் நின்று, மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையைக் கையால் அழுத்தி அழுத்திக்கொண்டே போனாள். சில நாள் அவர் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். பிறகு தேறினார்.

விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு அப்பால் இருந்தவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நோயாளியின்ர ஆக்கள் ஆரும் உங்களிட்டை இதைப்பற்றிச் சொன்னவையோ?"

"எனக்கு ஞாபகம் இல்லை, சேர்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவள் தன் முறை வந்தபோது, தான் நோயாளியிடம் கேட்டதாகவும் அவர் தலையை ஆட்டியதாகவும் சொன்னாள். அந்த நேரம் மனைவியும் கட்டிலடியில் இல்லாததால் சாட்சிக்கு ஒருவரும் இல்லை. மனைவியை யாரும் கேட்கவில்லை. அவர் கணவரோடு தூரத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். முறையாக விசாரிக்காமல் மருந்து கொடுத்தாள் என்று எழுதி அவளுடைய சேவைக் கோவையில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் போட்டார்கள். மன்னார்ப் பக்கம் மாற்றினார்கள். மகளைத் தமக்கையிடம் விட்டுவிட்டுப் போனாள். போகும் நாளில் நான் வேறு வேலை இருப்பதுபோல மருந்து அறைக்குள் நின்றுகொண்டேன்.

சில வருடங்கள் கழித்து நான் படித்துப் பயிற்சியாசிரியர் ஆனேன். ஒத்திகை அறை வந்தபோது, உண்மைச் சம்பவங்களிலிருந்து கதைகள் எழுதுங்கள் என்று சொன்னார்கள். நான் ஆறாம் கட்டிலை எழுதினேன். ஒப்படைக்கும் இடத்தை எடுத்துவிட்டேன். மனைவியை எடுத்துவிட்டேன். கேள்வி கேட்ட தாதியைக் கேட்காத தாதியாக்கினேன். அம்புலன்ஸ் வரையும் கதையைக் கொண்டுபோகவில்லை. எழுதும்போது, பாடத்துக்குச் சுருக்கமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வருடம் ஒருநாள் காலை, பயிற்சிக்கு வரும் ஆஸ்பத்திரிக் குழுவின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். முதலாவதாக, அன்று ஊசி போட்டவளின் பெயர் இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இப்போது வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். அன்றைக்கு ஆறாம் கட்டில் ஒத்திகை. என்னோடு வேலை செய்யும் இளம் ஆசிரியை பொம்மையின் காலில் சிவப்புச் சாயம் பூசிக் கட்டுப்போட்டு முடித்திருந்தாள்.

"இண்டைக்குப் பாம்புக்கடி ஒத்திகையைச் செய்வமோ?" என்று கேட்டேன்.

"ஏன் மிஸ்? எல்லாம் அடுக்கியாச்சு" என்றாள்.

மாற்றச் சொன்னால் காரணம் சொல்லவேண்டும். "சரி, இருக்கட்டும்" என்றேன்.

எட்டரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். மூன்று இளம் தாதியர், அவர்களுக்கு முன்னால் அவள். கொஞ்சம் பருத்திருந்தாள். முன் தலையில் நரை.

"அக்கா, சுகமோ?" என்றாள். நேற்றுப் பிரிந்தவளைப் போலத்தான் கேட்டாள்.

"ஓம், சுகம்" என்று சொல்லிவிட்டு நான் விரைவாகப் பலகைத் தடுப்புக்குள் போனேன்.

அவள்தான் குழுவுக்குத் தலைமை. விவரத் தாளை எடுத்து வாசித்தாள். மீனவர், திருக்கை, வலது கால், ஆறாம் கட்டில். வாசித்து முடித்த பிறகும் தாளைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு பொம்மையிடம் வந்து அதன் தோளில் கை வைத்தாள்.

"அண்ணை, ஊசி போட முந்தி ஒண்டு கேக்கிறன். எப்பவாவது ஊசியோ குளிசையோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதோ?"

நான் எழுதிய கதைப்படி பதில் சொன்னேன். "ஓம் மிசி. முந்தி ஒருக்கா மூச்சு முட்டினது."

வழக்கமாக இந்த இடத்தில் ஒத்திகை முடிந்துவிடும். டொக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றுவார்கள். அவள் அசையவில்லை.

"இதை இஞ்சை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. தாளில் அதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வேறு வந்தது.

"என்ர மனுசி சொன்னவா."

"ஆருக்கு?"

இளம் தாதியர் மூவரும் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மட்டும் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். அதனூடாக என்னைத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் குனிந்துகொண்டேன்.

"காலமை நிண்ட மிசிக்கு."

"அவா என்ன சொன்னவா?"

"எழுதிறன் எண்டு சொன்னவா."

அவள் தலையசைத்தாள். தாளில் சிவப்பால் எழுதினாள். "டொக்டரிட்டைச் சொல்லி மருந்தை மாத்தச் சொல்லுங்கோ" என்று பக்கத்தில் நின்றவளை அனுப்பினாள். ஒத்திகை முடிந்தது.

வட்டமாக இருந்தபோது, கேட்டால் நோயாளி சொல்லிவிடுவார் என்பதால் இது சுலபமான ஒத்திகை என்று ஒரு இளம் தாதி சொன்னாள். குழுவின் தலைவியான அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லா நோயாளியும் அப்பிடிச் சொல்ல மாட்டினம். காய்ச்சல் கூடினால் கேள்வி விளங்காமலே தலையை ஆட்டுவினம். அதுக்குத்தான் முதல் நிண்ட ஆளிட்டையும் கேக்கிறது. அவையும் சொல்லவேணும்." என்னைப் பார்க்கவில்லை. அன்று நான் பலகையில் எதையும் எழுதவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைத் தேடிப் போனேன். கன்ரீனுக்குப் பின்னால் வாங்கில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தேன்.

"தங்கச்சி, அண்டைக்கு அந்த மனுசி என்னட்டைத்தான் சொன்னவா."

"தெரியும் அக்கா."

"எப்ப தெரியும்?"

"நான் மாறிப் போக ஒரு கிழமைக்கு முன்னம் அவா என்னைத் தேடி வந்தவா. 'மற்ற மிசியிட்டை நான் சொன்னனான், அவா எழுதேல்லையோ?' எண்டு கேட்டவா."

"பிறகேன் நீ ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஊசி என்ர கையால போனதுதானே. அதோட, நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒரு போனாவது எடுப்பீங்கள் எண்டு நினைச்சன். பிறகு பாக்கிறதை விட்டிட்டன்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவுமில்லை, விலகவுமில்லை. பிறகு வேறு பேச்சு எடுத்தாள். அந்த மனிதர் இப்போதும் தொழிலுக்குப் போகிறாராம். இறால் காலத்தில் யாரிடமாவது ஒரு பையில் இறால் கொடுத்துவிடுவாராம். "ஊசி போட்டவளுக்கு இறால் குடுக்கிற ஒரே மனுசன்" என்று சொல்லி மெல்லச் சிரித்தாள். மகள் வளர்ந்துவிட்டாளாம். தமக்கையைத்தான் இன்னமும் அம்மா என்று கூப்பிடுகிறாளாம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தக் கதையை மாத்துங்கோ" என்றாள். "ஊசி போட வாறவளில தொடங்காதேங்கோ. அதுக்கு முன்னமே தொடங்குங்கோ."

"மாத்திறன். கட்டாயம் மாத்திறன்."

அவள் அவ்வளவு சாந்தமாகப் பேசியதுதான் என்னை அடுத்ததைச் சொல்லவைத்தது. எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிடலாம் என்று ஒரு ஆசை வந்துவிட்டது. பஸ்ஸில் எனக்கு நினைவு வந்ததைச் சொன்னேன். போனை எடுத்ததைச் சொன்னேன். இரண்டாம் முறை அடிக்காததையும், அடிக்காததற்கான காரணத்தையும் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. "அப்ப எத்தினை மணி?"

"இரண்டரை இருக்கும்."

"நான் மூண்டு மணிக்குத்தான் போட்டனான்."

"ஓம்."

"மறந்தது எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சனான்" என்றாள். பிறகு எழுந்து நின்றாள். "இதை ஏனக்கா இப்ப என்னட்டைச் சொன்னனீங்கள்?"

 அவள் கோப்பையைக் கொண்டுபோய்க் கன்ரீனில் கொடுத்துவிட்டு வகுப்பறைக்குப் போனாள். பின்னேரம் வான் வந்தபோது இளம் தாதியர் மூவரும் எனக்குக் கைகாட்டினார்கள். அவள் முன் இருக்கையில் நேரே பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்குக் கடிதம் அனுப்பினேன். பஸ், போன், எல்லாம். ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி இளைஞர். அந்தச் சம்பவத்தின்போது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"அவா இப்ப சிஸ்டராயிட்டாதானே மிஸ். இதை இப்ப கிண்டி என்ன செய்யிறது?"

"அவாவின்ர கோவையில இருக்கிறது பிழை. அதைத் திருத்தவேணும். என்ர கோவையில என்ன போடவேணுமோ அதைப் போடுங்கோ."

மேலே அனுப்புவதாகச் சொன்னார். பல மாதம் கழித்து எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அவளுடைய கடிதத்தை நீக்கிவிட்டார்களா என்று கேட்டேன். மற்றவருடைய கோவையைப் பற்றி எனக்குச் சொல்லமுடியாது என்றார்கள். அவளுக்கே போன் எடுத்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. இன்னொரு முறை அடிக்க நினைப்பேன். அவளை நிம்மதியாக விடுவதற்காக அடிக்காமல் இருக்கிறேனா, பயத்தில் அடிக்காமல் இருக்கிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆறாம் கட்டில் கதையை மாற்றி எழுதினேன். இப்போது அது ஒரு மணிக்கு முன் தொடங்குகிறது. மேசையில் ஒரு தாதி பட்டியல் எழுதிக்கொண்டிருப்பாள், நோயாளியின் மனைவி வந்து சொல்லுவார், சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும். மனைவியாக இளம் ஆசிரியை நடிக்கிறாள். நோயாளி கேள்வி விளங்காமல் தலையை ஆட்டுவார். யாரும் எழுதாமல் விட்டால் மருந்து ஏறும். முடிந்ததும் வட்டமாக இருந்து, இது நடந்த கதை, பட்டியல் எழுதியவள் நான் என்று தொடங்கி, பஸ்ஸில் நினைவு வந்தது வரை சொல்லுகிறேன்.  முதல் தடவை சொன்னபோது எதிரே இருந்த பிள்ளை ஒருத்தி, "பஸ்ஸில ஏன் மிஸ் திரும்ப அடிக்கேல்லை?" என்று கேட்டாள். வெட்கமாக இருந்தது என்றேன். மறந்ததைவிட அதுதான் பெரிய பிழை என்றும் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் கிளிநொச்சிப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி ஒரு குழு வந்தது. நான்கு பேர், எல்லோரும் புதியவர்கள். அவள் வரவில்லை. பட்டியலின் கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது. அதைக் கொண்டுவந்த பிள்ளை சொன்னாள்:

"மிஸ், வேற எதைச் செய்தாலும் செய்யாட்டியும் ஆறாம் கட்டில் ஒத்திகையைக் கட்டாயம் செய்திட்டு வரச்சொல்லி எங்கட சிஸ்டர் சொல்லிவிட்டவா."

"வேற ஏதும் சொல்லிவிட்டவாவோ?"

"இல்லை மிஸ்."

பட்டியலை வாங்கிக் கோவையில் வைத்தேன். நால்வரையும் கை கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொன்னேன்.